எருக்குழி மைனி

"நீ கோழி எருளா" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே மனுஷி அவள்தான். நான் குசினி வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். காலையில் அவளிடம் ஏதோ கத்தியிருந்தேன்; என்னத்துக்கு என்று இப்போது நினைவில்லை.

"கோழி எரு இருக்கே, அதுல சத்து ஜாஸ்தி. ஆனா அப்படியே அள்ளிப் போட்டேன்னு வச்சுக்கோ, செடி கருகிப் போவும். ஆற விடணும். அதான், நீ காலையில பேசுனதை நான் சாயங்காலந்தான் காதுல வாங்குவேன். இப்ப சொல்லு, என்ன வெசயம்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த மீனையே எறிந்திருப்பேன். ஆனால் சிரிப்பு வந்து தொலைத்தது.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பெரியவர்களுக்கு எருக்குழிக்காரி, அண்ணி முறை வைத்துக் கூப்பிடுகிற எங்களுக்கு எருக்குழி மைனி. நேரில் "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் அவள் இவள் என்று வருகிறது. படித்தால் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

நான் கல்யாணமாகித் தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்குக் குடிபோனபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆற்றங்கரையில் நெல் விளைகிற ஊர் ஒன்றில் பிறந்தவள். வீட்டுக்காரருக்கு இங்கே உர ஆலையில் வேலை. ஆமாம், மூட்டை மூட்டையாக வெள்ளை உரம் செய்கிற ஆலைதான். "வீட்டுலயே உரம் இருக்க, நீங்க எதுக்கு மைனி சாணி அள்ளுதிய?" என்று கேட்காத ஆள் இல்லை. அவள் பதில் ஒன்றுதான்: "அவுக ஊருக்கெல்லாம் போடுதாக. எனக்கு ஆடு போடும்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஐந்து சென்ட் காலி மனை. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். வெயில் காலத்தில் அந்த மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். உடைமர முள்ளைத் தவிர அங்கே ஒன்றும் வராது என்று எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனையின் நடுவில், ஆள் இறங்கினால் இடுப்பு வரும் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தாள். சாணம், ஆட்டுப் புழுக்கை, சருகு, சாம்பல், காய்கறித் தோல் எல்லாம் அடுக்கடுக்காக அதற்குள் போகும். மேலே பனையோலை போட்டு மூடியிருப்பாள்.

குடிபோன மூன்றாம் நாளே சண்டைக்குப் போனேன். கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சேலையில் குழி வாடை ஏறியிருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. அந்த வாடையோடு எப்படிப் போவது?

"மைனி, நாத்தம் தாங்கல. ஒண்ணு குழியை மூடுங்க, இல்ல நான் முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போடுவேன்."

அவள் கோபப்படவில்லை. ஓலையை விலக்கி, குழிக்குள் செருகி வைத்திருந்த கடப்பாரையை உருவி, அதன் நுனியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது.

"இன்னும் கொதிக்குது. நாறுதுன்னா இன்னும் மக்கலைன்னு அர்த்தம்ளா. நல்லா மக்கிட்டா மழை பேஞ்ச மண்ணு மாதிரி மணக்கும். ஒரு மாசம் பொறு. அப்பவும் நாறுனா நானே எழுதித் தாரேன், நீ டைப் அடி."

ஒரு மாதம் கழித்து ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து என் மூக்கருகே நீட்டினாள். கறுப்பாக, உதிரியாக இருந்தது. நாற்றம் இல்லை. மண் வாசனைதான். தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் "ஜலதோஷம், ஒண்ணும் தெரியல" என்று உள்ளே போய்விட்டேன்.

எதைச் சொன்னாலும் அவளிடம் அந்த ஒரு பதில்தான். மாமியார் ஜாடை பேசினாலும், ஆபீஸில் லீவு தரவில்லை என்றாலும், சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போன என் வீட்டுக்காரர் பத்து நாளாகப் போன் பண்ணவில்லை என்று நான் அழுதாலும், "மக்கட்டும்ளா, மக்கட்டும்" என்பாள். சில நேரம் அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாணம் எங்கே கிடந்தாலும் அவளால் தாண்டிப் போக முடியாது. ஒருமுறை இரண்டு பேரும் மினி பஸ்ஸில் வந்தோம். அவள் காலடியில் ஒரு சாக்கு. கண்டக்டர் பையன் அதை உதைத்துப் பார்த்து, என்ன இது என்று கேட்டான்.

"எரு."

"சாணி மூட்டைக்கெல்லாம் பஸ்ஸுல எடமில்ல. எறங்குங்க."

"பின்னாடி கருவாட்டுக் கூடை ரெண்டு இருக்கே, அதுக்கு மட்டும் எடம் உண்டா?"

"அது திங்கிற பொருள்."

"இதுவும் திங்கிற பொருள்தான். செடி திங்கும், நீ செடியத் திம்ப. மோந்து பாரு ஏலே, ஒண்ணும் செய்யாது." சாக்கின் வாயை அவிழ்த்தே விட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்ததில் அவன் முகம் சிவந்துபோய், விசில் ஊதிக்கொண்டு முன்னால் போய்விட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த மனுஷியை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். "இந்தாளா, உன் காலை நகட்டு, சாக்கு சரியுது" என்று என் மானத்தையும் சேர்த்து வாங்கினாள்.

கோடையில் வடக்கேயிருந்து ஆட்டுக்காரர் ஒருவர் அறுபது எழுபது ஆடுகளோடு அந்தப் பக்கம் வருவார். அவரை மத்தியானத்தில் மறித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, வெயில் மண்டையப் பொளக்கு. ஆட்டை இங்கன அமத்துங்க. தண்ணி நான் காட்டுதேன். உங்களுக்குச் சோறும் உண்டு."

"எதுக்குத் தாயி இவ்வளவும்?"

"சும்மாதான். பாவம்லா, வாயில்லா சீவன்."

குழாயில் தண்ணீர் நினைத்த நாளில் வரும் தெரு அது. அவள் தன் வீட்டுத் தொட்டியை ஆடுகளுக்குத் திறந்துவிட்டாள். ஆடுகள் மூன்று மணி நேரம் காலி மனையில் படுத்து எழுந்து போயின. வாயில்லா சீவன்கள் வாங்கிய கடனைப் பின்பக்கமாக அடைத்துவிட்டுப் போக, மைனி கூடை கூடையாக அள்ளினாள். மூன்றாம் நாள் ஆட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து கொண்டு சொன்னார்: "சும்மான்னு சொன்னியே தாயி, எங்க ஊருல இந்தப் புழுக்கைக்காவ வயல்ல கெடை போடச் சொல்லி வீடு தேடி வருவாக. வெறும் ரசம் பத்தாது."

அவள் உடனே சுவர் ஓரம் வந்து நின்றாள். "ஏளா, உங்க வீட்டுல நெத்திலிக் கருவாடு இருக்கா?" அந்தக் கோடை முழுவதும் ஆட்டுக்காரருக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என் வீட்டிலிருந்துதான் போனது. கேட்டால், உனக்குத்தானே கத்திரிக்காய் தருகிறேன் என்பாள். தந்தாள்தான், மறுக்க மாட்டேன். அந்த மண்ணில் கத்திரி காய்த்ததே அதிசயம்.

மனுஷர்களையும் அவள் எரு வகையாகத்தான் பிரித்து வைத்திருந்தாள். கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றும் குதிரையின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையோடு போய்க்கொண்டிருந்தாள் ஒரு நாள். கூடவே நான். எதிரே என் ஆபீஸ் மேனேஜர் குடும்பத்தோடு வந்துவிட்டார். ஓடி ஒளிய இடமில்லை. அவர் துறைமுகம், ஏற்றுமதி என்று கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். மைனி பையின் வாயை முடிந்துகொண்டே சொன்னாள்: "உங்க மேனேஜர் குதிரைச் சாணிளா. குதிரைக்குப் பாதிதான் செமிக்கும். தின்ன புல்லு வெதையெல்லாம் அப்படியே வெளிய வந்து, போட்ட எடமெல்லாம் களையா மொளைக்கும்."

அவளுடைய வீட்டுக்காரர் மாட்டுச் சாணம். குளிர்ச்சி, நிதானம், வருஷக் கணக்கில் நிற்கும். மகள் ஆட்டுப் புழுக்கை. துறுதுறு, போட்டவுடன் வேலை காட்டும். "நீங்க என்ன மைனி?" என்று கேட்டேன்.

"நானா? நான் குழி. எல்லாவனும் எங்கிட்ட வந்துதானே விழுதிய" என்றாள்.

இவ்வளவும் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்ததில்தான் எல்லாம் வில்லங்கமாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுப் பாசனத்தில் வாழை போடுகிறவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த உப்பு மண்ணுல பொண்ணு நல்லா வளந்துருக்கு. வாழைதான் வளராது போலுக்கு. கல்யாணத்துக்கு வாசல் மரத்தை நாங்களே லாரியில ஏத்திட்டு வாரோம்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். மைனிக்கு அது சுருக்கென்று ஏறிவிட்டது. எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "வேண்டாம் அண்ணாச்சி. பந்தல் வாசல்ல கட்டுத ரெண்டு மரமும் என் எருவுல வளந்த மரமாத்தான் இருக்கும். குலை தள்ளின மரம்."

"இல்லாமப் போயிட்டா?"

"இல்லாமப் போயிட்டா, நீங்க சொன்னதுதான் சரி, எங்க மண்ணு எதுக்கும் ஆகாத மண்ணுன்னு கல்யாணச் சபையில நானே சொல்லுதேன்."

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணம் தை மாதம். இருந்தது பதினோரு மாதம். மறுநாளே இரண்டு பெரிய குழி வெட்டினாள். பிறந்த ஊர்க் குளத்து வண்டலைக் கொண்டுவந்தாள். நாலு வருஷமாய்ச் சேர்த்த எருவில் பாதியைக் கொட்டினாள். இரண்டு கன்றுகள் வைத்தாள். கத்திரிக்குக்கூடச் சில மாதம் எரு கிடைக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி ஊற்றினாள். ஆவணியில் இரண்டும் என் உயரத்தைத் தாண்டி நின்றன. நானே தினம் காலையில் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

அந்தச் சமயம் ஒரு நாள் எந்தச் சாணம் எதற்கு ஆகும் என்று பட்டியல் போட்டாள். ஆடு, மாடு, கோழி, கழுதை, புறா வரைக்கும் வந்தது. நான் குறுக்கே விழுந்தேன்.

"மீனை விட்டுட்டியளே மைனி?"

"ஏளா, மீனு எங்க சாணி போடுது? ஒரு நாளு கண்ணுல காட்டு."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கடலோரத்துக் கீழவைப்பார்க்காரி. எங்கள் வீட்டுத் தென்னைக்கு அம்மா கருவாட்டுக் கழிவைத்தான் புதைப்பாள். காய் ஒவ்வொன்றும் தலை பெரிசு இருக்கும். எங்கள் மீன் என்ன இவளுடைய ஆட்டுக்குக் குறைச்சலா? சொல்லிப் புரியாது, செய்து காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஐப்பசியில் அவள் அண்ணன் வயல் நடவுக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனாள். சாவியை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "வாழைக்குத் தண்ணி மட்டும் ஊத்து. வேற ஒரு சோலியும் பாக்காத."

எனக்கு அப்போது நாலாம் மாதம். சோறு வடிக்கிற வாடைகூடக் குமட்டும். கருவாடு மட்டும் ஒன்றும் செய்யாது. தம்பியிடம் சொல்லி ஊரிலிருந்து ஒரு சாக்குக் கருவாட்டுக் கழிவு வரவழைத்தேன். தலை, செதில், முள், தூள் என்று சாக்கு நிறைய இருந்தது. முதல் மரத்தடியில் புதைத்ததிலேயே சாக்குக் காலி. இன்னொரு மரத்துக்கு அடுத்த வாரம் என்று வைத்துக்கொண்டேன். புதைத்த அரை மணி நேரத்தில் தெருவின் நாய் அத்தனையும் வந்துவிட்டது. பிறகு பூனை, காக்கா. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையில் கம்போடு இரண்டு நாள் காவல் இருந்தேன். அவ்வளவு பாடு!

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டுப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் நெருப்புக் காட்டின மாதிரிப் பழுப்பு. அடுத்த நாள் இலை மடிந்து தொங்கியது. நான் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன். மைனி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த அன்று அந்த மரம் இடுப்பொடிந்து சாய்ந்து கிடந்தது.

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மரத்தடியில் குந்தி, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உப்புக்கருவாடா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தென்னை உப்பைத் தாங்கும். வாழை தாங்குமா? பிறந்ததிலிருந்து உப்புக் காற்றில் கிடந்தவளுக்கு, கருவாட்டில் உப்பு இருக்கிறது என்பதே தோன்றவில்லை.

"எங்க வீட்டுத் தென்னைக்கு இதைத்தான் மைனி…" என்று தொடங்கினேன். அவள் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மக்கட்டும் என்றுகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த இரண்டு நாள் நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் சுவரில் ஒரு கட்டு அரைக்கீரை இருந்தது. "புள்ளத்தாச்சி, கடைஞ்சு தின்னு" என்று குரல் மட்டும் வந்தது. அன்றிலிருந்து தினமும் கீரையோ காயோ சுவருக்கு வந்தது. மரத்தைப் பற்றித் தெருவில் யார் கேட்டாலும், அவள் வீட்டுக்காரர் கேட்டபோதும், "மழையில சாஞ்சுட்டு" என்றே சொன்னாள். என் பெயர் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

இப்போது அவள் அந்தத் தெருவில் இல்லை. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போய்விட்டார்கள். வெளிநாட்டுக்காரர் மனையில் இப்போது மூன்று மாடி நிற்கிறது. அவள் போனில் கேட்பது முதலில் என் மகள் சௌக்கியமா என்பது, அடுத்தது கட்டடத்துக்காரன் அந்தக் குழி மண்ணை எங்கே கொண்டு கொட்டினான் என்பது. எனக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை என்றால் கோபிப்பாள்.

அந்தத் தை மாதம், அவள் மகள் கல்யாணத்தன்று காலையில் வீட்டு வாசலில் பந்தல். தப்பி நின்ற ஒரு மரம் குலை தள்ளியிருந்தது. சாதாரணக் குலை இல்லை. இரண்டு ஆள் பிடித்துத்தான் கொண்டுவந்து இடப்பக்கம் கட்டினார்கள். வலப்பக்கம் வெறும் கம்பு.

"மார்க்கெட்டுல ஒரு மரம் வாங்கிட்டு வந்துருதேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அவளுடைய வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியும்லா" என்றாள் மைனி.

இவள் சபை நடுவில் எழுந்து நின்று, என் மண்ணு ஆகாத மண்ணு என்று சொல்லப் போகிறாள். சொன்னால் சொன்னதுதான், மாற மாட்டாள். அதுவும் என்னால். நான்தான் மரத்தைக் கொன்றேன் என்று போட்டு உடைத்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பாவை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன். மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. மைனி உள்ளேயிருந்து வேகமாக வந்து என் கையில் பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் திணித்தாள். தோளைப் பிடித்து வலப்பக்கக் கம்போடு ஒட்டி நிறுத்தினாள். சேலைத் தலைப்பை வேறு சரி பண்ணிவிட்டாள்.

"இங்கனயே நில்லு. அசையாத. வாயத் தொறக்காத."

பெரியப்பா முன்னால் வந்தார். இடப்பக்கத்துக் குலையை நிமிர்ந்து பார்த்தார். வாழைக்காரர் அல்லவா, சீப்பு சீப்பாகக் கண் ஓடியது. தானாகவே தலையாட்டினார். பிறகு வலப்பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மரம்னு பேச்சு."

"ரெண்டும் இருக்கே" என்றாள் மைனி. "குலை தள்ளின மரமா இருக்கணும், என் எருவுல வளந்ததா இருக்கணும். அதானே பேச்சு? இவளுக்கு ஏழு மாசம். மூணு மாசமா தெனமும் இவ தின்ன கீரையும் காயும் அந்தக் குழி எருவுல வெளஞ்சது. இவ வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு. உள்ள இருக்குத புள்ளைக்குச் சோறு போட்டது என் மண்ணுதான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, ஆகாத மண்ணா?"

பெரியப்பா என் வயிற்றைப் பார்த்தார், குலையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இரண்டு கையையும் நீட்டி என்னிடம் சந்தனம் வாங்கிக்கொண்டு, "நல்ல மண்ணும்மா" என்றார். அவர் பின்னால் வந்த முப்பது பேரும் சிரித்துக்கொண்டே சந்தனம் தொட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. செம்பைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். மைனி ஓடிவந்து தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஏளா, அழணும்னா தெருப்பக்கம் திரும்பி அழு. அதுவும் உப்புதான்."